காலுக்கு எட்டு, காதுக்கு ஒன்பது

வெடி வைக்கிற நேரம் வந்தால் எங்கள் மேனேஜர் பூட்ஸைக் கழற்றிவிடுவார். அவரை நினைத்தால் முதலில் அதுதான் கண்ணில் வருகிறது. பகலெல்லாம் அந்தக் கனத்த பூட்ஸோடு குவாரிக்குள் நடப்பவர், சிவப்புக் கொடி கட்டி, விசில் ஊதி, ஆட்களையெல்லாம் தகரக் கூரை போட்ட மறைப்புக்குள் ஒதுக்கி முடித்ததும், ஒரு கல்லில் உட்கார்ந்து நிதானமாகக் கயிற்றை அவிழ்ப்பார். காலுறையைச் சுருட்டி பூட்ஸுக்குள் திணிப்பார். பிறகு மறைப்பின் ஓரத்தில், மண்ணில்லாமல் பாறை வெளியே தெரிகிற ஒரு சிறு இடத்தில் வெறுங்காலோடு நிற்பார். நாள் முழுக்க வெயில் குடித்த பாறை அது. கால் பொசுங்கும். முகத்தில் எதுவும் காட்டமாட்டார்.

தொண்ணூறுகளின் நடுவில் திண்டுக்கல்லுக்கு மேற்கே, கள்ளியும் சீமைக்கருவேலமும் மட்டும் விளைகிற ஒரு பொட்டலில் இருந்தது எங்கள் குவாரி. வெங்கச்சங்கல்லும் அதோடு ஒட்டிக்கொண்டு ஃபெல்ஸ்பாரும் எடுத்தோம். வெள்ளையும் இளஞ்சிவப்புமாக அந்தக் கல் லாரி லாரியாகக் கண்ணாடித் தொழிற்சாலைக்கும் ஓட்டுத் தொழிற்சாலைக்கும் போகும். நான் அங்கே சர்வேயர். சொந்த ஊர் பாலசமுத்திரம். பழனிப் பக்கத்துப் பேச்சு என் நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்ததால், கல்லைப் பார்த்தாலும் நான் மரியாதை கொடுத்துத்தான் பேசுவேன் என்று எல்லாருக்கும் கேலி. மேனேஜருக்கும் எனக்கும் ஒரே வயதுதான் இருக்கும். ஆனால் அவர் சுரங்க மேலாளர் சான்றிதழ் வைத்திருந்தார். அந்த ஒரு தாள் இல்லாமல் யாரும் ஒரு குவாரிக்குப் பொறுப்பேற்க முடியாது. உள்ளே நடக்கிற நல்லது கெட்டது எல்லாம் அதை வைத்திருப்பவர் தலையில்தான் விடியும்.

அன்றைக்கு வெடி வைக்கிற முறை எளிமையானது. காலையில் ஜாக்ஹாமரால் பாறையில் குழி போடுவார்கள். மாலையில் ஒவ்வொரு குழியிலும் மருந்து வைத்து, திரியை ஒன்றைவிட ஒன்று நீளமாக வெட்டிச் சொருகி, வரிசையாகப் பற்றவைத்துவிட்டு வந்து ஒதுங்குவார்கள். குழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கும். மறைப்புக்குள் இருப்பவர்கள் எண்ணவேண்டும். எத்தனை குழியோ அத்தனை வேட்டு. ஒன்று குறைந்தாலும் ஒரு குழி வெடிக்காமல் மருந்தோடு கிடக்கிறது என்று பொருள். அரை மணி நேரம் யாரும் உள்ளே போகக்கூடாது. பிறகு அந்தக் குழியைத் தேடி, அடையாளம் வைத்து, அதை ஒழித்துக்கட்டாமல் அடுத்த வேலை கிடையாது. இவ்வளவு பெரிய தொழில் கடைசியில் நாலு பேருடைய காதை நம்பித்தான் நடந்தது என்பதை இப்போது சொன்னால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

மேனேஜர் காதை நம்பமாட்டார். “காது ஏமாத்தும் சர்வேயர். ரெண்டு ஒண்ணா வெடிச்சா ஒண்ணாத்தான் கேக்கும். அந்தக் கரட்டு மேட்டுல முட்டித் திரும்புனா ஒண்ணு ரெண்டாக் கேக்கும். பாறை வழியா வாரது அப்பிடியில்ல. நேரா வந்து உள்ளங்கால்ல ஒரு தட்டு தட்டும்” என்பார். காதால் ஒரு எண்ணிக்கை, காலால் ஒரு எண்ணிக்கை. இரண்டும் ஒத்துவந்தால்தான் பூட்ஸை எடுப்பார். மேனேஜர் கால்சோசியம் பார்க்கிறார் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். அவர் காதில் விழும்படியாகவே பேசுவோம். அவரும் சிரித்துக்கொள்வார்.

எங்கள் குவாரியில் குழி போடுவதும் மருந்து வைப்பதும் ஒரே ஆள்தான். வெடிக்காரர் என்றே எல்லாரும் கூப்பிட்டோம். வெடி வைப்பதற்கான லைசென்ஸும் அவரிடம் இருந்தது. பக்கத்துக் கிராமத்து ஆள். குவாரி மேட்டில் ஏறி நின்றால் அவர்கள் ஊர் மாதா கோயில் கோபுரம் தெரியும். வருடக்கணக்கில் ஜாக்ஹாமர் பிடித்ததில் அவருக்கு விரல்கள் மரத்துப்போயிருந்தன. மார்கழிக் காலையில் நுனியெல்லாம் சுண்ணாம்பாய் வெளுத்துவிடும். கொதிக்கிற டீ கிளாஸை வெறும் விரலால் தூக்கிக்காட்டி, “பாத்தீங்களா சர்வேயரு, எனக்கு மட்டும் ஆறிப்போயிருச்சு” என்பார். நாங்கள் சிரிப்போம். இன்று அதை ஒரு நோய் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அப்போது அது எங்களுக்கு வேடிக்கை.

அந்த வருடம் அவர்கள் ஊர்த் திருவிழாவில் கொடி எடுக்கும் முறை வெடிக்காரர் குடும்பத்துக்கு வந்திருந்தது. சில குடும்பங்கள் முறை வைத்துச் செய்கிற மரியாதை அது. ஒரு முறை தவறினால் மறுபடி வர வருடக்கணக்காகும். ஒரு மாதமாக அவருக்கு அதே பேச்சு. புது வேட்டி எடுத்திருந்தார். கொடியேற்றத்தன்று சீக்கிரம் வேலையை முடித்து அனுப்பிவிடுவதாக மேனேஜரும் சொல்லியிருந்தார். ஆனால் அன்றைக்கென்று பார்த்து, ஜாக்ஹாமருக்குக் காற்று கொடுக்கிற கம்ப்ரசர் மக்கர் பண்ணியது. அதைச் சரிசெய்து, குழி போட்டு முடித்து, ஒன்பது குழியிலும் மருந்து வைத்துத் திரி பற்றவைத்தபோது வெயில் நன்றாகச் சாய்ந்திருந்தது. அவர்கள் ஊரில் அதற்குள் அதிர்வேட்டுப் போட ஆரம்பித்துவிட்டார்கள். இரும்புக் குழாயில் மருந்து இடித்துப் போடுகிற அந்த வேட்டும் லேசுப்பட்டதல்ல.

எங்கள் வெடிகள் தொடங்கின. மறைப்புக்குள் மேனேஜர், வெடிக்காரர், நான் மூன்று பேரும் இருந்தோம். மற்றவர்கள் தூரத்தில் ஆள் மறித்துக்கொண்டு நின்றார்கள். நானும் எண்ணினேன். ஒன்பது கேட்டது. வெடிக்காரரும் ஒன்பது என்று விரலைக் காட்டினார். மேனேஜர் மட்டும் பாறையைவிட்டு நகரவில்லை.

“காதுக்கு ஒம்பது வந்துச்சு” என்றார். “காலுக்கு எட்டுத்தான் வந்துச்சு.”

“சார், எல்லாம் வெடிச்சிருச்சு சார்” என்றார் வெடிக்காரர்.

“கடைசியா வந்தது உங்க ஊரு வேட்டா இருந்தா?”

“கடைசிக் குழி தெக்கு ஓரம் சார். அங்கன பாறை உக்கிப்போயிக் கெடக்கு. அதுல அதிர்வு செத்தக் கம்மியாத்தான் வரும். நாந்தான குழி போட்டேன், எனக்குத் தெரியாதா?”

சொன்னதில் நியாயம் இருந்தது. தெற்கு ஓரத்தில் பாறை உக்கிப் பொடிந்துதான் கிடந்தது. என் வரைபடத்திலும் அப்படித்தான் குறித்திருந்தேன். மேனேஜர் கொஞ்ச நேரம் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஊர்ப்பக்கம் மேளம் கேட்டது. வெடிக்காரர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார். வாய் திறந்து போகட்டுமா என்று கேட்கவில்லை, கேட்காமலேயே கேட்டுக்கொண்டிருந்தார். “சரி அப்பு, போ. கொடிய நல்லா ஏத்து” என்று சொல்லிவிட்டு மேனேஜர் பூட்ஸைப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலையில் நான் கிழக்கு மேட்டில் கருவியை நிறுத்திச் சமம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜாக்ஹாமர் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அது நின்றது. அதற்கு நடுவில் வந்த சத்தத்தை நான் எப்போது நினைத்துப் பார்த்தாலும் சத்தமாக நினைவு வருவதில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அளவுகோல் ஒரு தரம் துள்ளியது மட்டும் நினைவிருக்கிறது. தெற்கு ஓரத்தில், முந்தின நாள் கடைசிக் குழி இருந்த இடத்தை ஒட்டி, கற்குவியலுக்குக் கீழே மருந்தோடு கிடந்த குழியில் வெடிக்காரருடைய துளைக்கம்பி இறங்கிவிட்டது. நாங்கள் இறங்கி ஓடினோம். ஓடி ஆகவேண்டியது எதுவும் அங்கே இல்லை. வேனில் ஏற்றியபோது அவர் கையை நான்தான் பிடித்திருந்தேன். விரல் நுனிகள் வெளுத்திருந்தன. அது மார்கழியில்லையே என்று ஒரு நினைப்பு ஓடியது. அதற்குமேல் அன்றைக்கு எனக்குள் எதுவும் ஓடவில்லை.

விசாரணைக்கு அதிகாரி வருவதற்குள் முதலாளி பக்கத்தில் ஒரு கதை தயாராகிவிட்டது. வெடித்து முடிந்த பழைய குழியின் அடியிலேயே கம்பியை வைத்துத் துளைப்பது தடைசெய்யப்பட்ட காரியம். புதுக்குழி போடச் சோம்பல்படுகிறவர்கள் செய்வது. அதில் மிச்ச மருந்து இருந்தால் ஆள் காலி. வெடிக்காரர் அதைத்தான் செய்தார் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது. செத்தவன் எழுந்து வந்து மறுக்கப்போவதில்லை. வெடிக்காரர் மனைவி கைப்பிள்ளையோடு குவாரி ஆபீஸ் வாசலில் வந்து உட்கார்ந்திருந்தார். அழவில்லை. போகிறவர் வருகிறவரிடமெல்லாம் ஒரே வார்த்தையைச் சொன்னார். “எம்புருசன் பழைய குழியில கம்பிய வைக்கிற ஆளு இல்லைங்கய்யா. திமிருல செத்தான்னு மட்டும் சொல்லிராதீங்க. இந்தப் பிள்ளைக்கு நான் அதச் சொல்லி வளக்க முடியாது.” அவர் கேட்டது அது ஒன்றைத்தான்.

விசாரணைக்கு முன்னால் மேனேஜர் என்னைக் கம்ப்ரசர் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். “சர்வேயர், ஒங்களக் கேட்டா ஒங்க காதுக்கு எத்தன கேட்டுச்சோ அத மட்டும் சொல்லுங்க. பேசுனதெல்லாம் வேணாம்.”

“சார், நீங்க எட்டுன்னு சொன்னீங்களே. அதச் சொன்னாத்தானுங்க உங்களுக்கு நல்லது?”

“அப்ப அவன் சொன்னதையும் சொல்லணும்ல. திருவிழாவுக்குப் போற அவசரத்துல புளுகிட்டான்னு எழுதிக்குவாங்க. அவன் என்ன வேணா சொல்லட்டும், சரின்னது யாரு? நாந்தான?”

அதிகாரி என்னைக் கேட்டபோது ஒன்பது கேட்டது என்றேன். அது உண்மைதான். மேனேஜர் உள்ளே போய், “எண்ணியது நான், என் எண்ணிக்கை தவறிவிட்டது, ஊர் வேட்டைக் குவாரி வேட்டாக எடுத்துக்கொண்டேன், வெடிக்காரர் போட்டது புதுக்குழிதான், அவர் பேரில் தவறில்லை” என்று சொல்லிவிட்டார். காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழியைத் தானே கேட்டு வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார் மனிதர். சான்றிதழை முடக்கினார்கள். முடக்கிய காலம் முடிந்தபிறகும் அவர் அதைத் திரும்பக் கேட்டுப் போகவில்லை. நான் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தேன். “போதும் சர்வேயர்” என்றார்.

திண்டுக்கல் நாகல் நகரில் அவர் வீட்டுக்குப் பக்கத்தில் இரும்புப் பெட்டி செய்கிற பட்டறை ஒன்று இருந்தது. நகைக்கடைகளுக்கும் வட்டிக்கடைகளுக்கும் போகிற பெட்டிகள். கதவுத் தகட்டைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கிக் கெட்டிப்படுத்துகிற வேலையைக் கவனித்துக்கொள்ள அவரை வைத்துக்கொண்டார்கள். பாறையில் குழி போடப் படித்தவர், துளைக்கம்பி இறங்காத தகடு செய்யப் போனார். அதை அவரிடமே சொல்லிச் சிரித்திருக்கிறேன். அங்கேயும் அவர் சும்மா இருக்கவில்லை. எந்த நிறத்துக்குப் பழுத்தபோது முக்கினால் தகடு கெட்டிப்படுகிறது, எப்போது முக்கினால் கண்ணாடிச் சீசாபோல விரிசல் விடுகிறது, எண்ணெய்க்குப் பதில் உப்புத் தண்ணீர் என்றால் என்ன ஆகிறது என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பார். ஒவ்வொரு தகட்டையும் டிரில் வைத்துச் சோதிக்கவேண்டும். அந்த டிரில்லை மட்டும் பட்டறையில் வேறு யாரையும் தொடவிடமாட்டார். அவரே குனிந்து அவரே துளைத்துப் பார்ப்பார்.

திண்டுக்கல் வருகிறபோதெல்லாம் அவர் வீட்டுக்குப் போவேன். அவர் மனைவி நல்ல கைமணம் உள்ளவர்; நல்ல வாய்த்துடுக்கும் உண்டு. குவாரிக் குடியிருப்பையும் ஜீப்பையும் மேனேஜரம்மா என்ற பெயரையும் விட்டுவிட்டு ஓர் ஒண்டுக்குடித்தனத்துக்கு வந்தவர். இலையில் இட்லி வைக்கும்போது, “நீங்க சும்மா இருங்க, எண்ணுறத எங்கிட்ட விட்டுருங்க. ஒங்க எண்ணிக்கைதான் ஊருக்கே தெரியுமே” என்பார். என்னைப் பார்த்து, “ஒம்பது வரைக்கும் எண்ணத் தெரியாத மனுசனுக்கு எங்கப்பா என்னத்தப் பாத்துக் குடுத்தாரோ” என்பார். கோபமாகச் சொல்வதில்லை. சொல்லிச் சொல்லி அது வீட்டில் பழகிய ஒரு பேச்சாகிவிட்டது. மேனேஜர் சிரித்துக்கொண்டே சட்னியை நகர்த்துவார். நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொள்வேன். மனைவியிடம் மேனேஜர் உண்மையைச் சொல்லியிருப்பார், தெரிந்துதான் அந்தம்மா கேலி செய்கிறார் என்று முதலில் நினைத்திருந்தேன். ஒருநாள் வாசலில் மேனேஜரிடம், வீட்டில் சொல்லவில்லையா என்று மெல்லக் கேட்டேன். “எதுக்கு?” என்றார். “அவ கோயிலுக்கு அந்த ஊரு வழியாத்தான் போவா. மனசு கேக்காம யாருகிட்டயாச்சும் சொல்லிப்புடுவா.”

இரண்டாயிரத்துக்குப் பிறகு தொழில் மாறிவிட்டது. திரி போய் மின்சாரத்தில் வெடிக்கிறது வந்தது; பிறகு பிளாஸ்டிக் குழாய்க்குள் பொறி ஓடுகிற குழாய்த்திரி வந்தது. குழிக்குக் குழி இடைவெளி கண் இமைக்கும் நேரத்துக்குள் சுருங்கியதால், காதால் எண்ணுகிற பேச்சே இல்லாமல் போனது. நான் அப்போது வடக்கே ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் இருந்தேன். ஒரு கல்லூரியிலிருந்து ஆராய்ச்சி மாணவர்கள் அதிர்வு அளக்கும் கருவியோடு வந்தார்கள். சின்னப் பெட்டி. அதிலிருந்து இரண்டு வயர். ஒன்றின் முனையில் இருந்த கூரான உருளையைத் தரையில் குத்திவைத்தார்கள். இன்னொன்றின் முனையில் ஒலிவாங்கி. வெடி வைத்ததும் காகிதத்தில் இரண்டு கோடு வந்தது: தரையில் வந்தது ஒன்று, காற்றில் வந்தது ஒன்று. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பாறை உக்கியிருந்தால் தரை அதிர்வு இல்லாமல் போகுமா என்று அவர்களில் ஒருவரைக் கேட்டேன். குறையும், ஆனால் இவ்வளவு பக்கத்தில் இல்லாமலே போகாது என்றார். ஏன் கேட்கிறீர்கள் என்றார். சும்மாதான் என்றேன்.

அடுத்த முறை பட்டறைக்குப் போனபோது மேனேஜரிடம் அந்தக் கருவியைப் பற்றிச் சொன்னேன். இடுக்கியில் பழுத்த தகட்டைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப காலுக்கு ஒரு கோடு, காதுக்கு ஒரு கோடா?”

“ஆமாங்க சார்.”

“ரெண்டும் ஒத்துவரலைன்னா எத நம்புவாகளாம்?”

“தரையத்தானுங்க சார்.”

தகட்டை எண்ணெயில் முக்கினார். புகை எழுந்து அடங்கியது. பிறகு, சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும், வீட்டில் சொல்லியாகிவிட்டது என்றார்.

அதற்குச் சில வருடம் கழித்து அவர் பட்டறையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை. செய்தி கேட்டு நான் போனபோது நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் அவர் மனைவி சுவரில் சாய்ந்து, வருகிறவர்களையெல்லாம் யாரோ வீட்டுச் சாவுக்கு வந்தவர்களைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். எனக்கும் வரவில்லை. அது எனக்கு ஒரு குறையாகவும் தோன்றவில்லை. தெருவில் போட்டிருந்த நாற்காலி ஒன்றில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

ஆட்டோவிலிருந்து ஒரு பெண் இறங்கி, வீட்டை விசாரித்துக்கொண்டு வந்தார். தலை பாதி நரைத்திருந்தது. கையில் மாலை. கிட்டே வந்த பிறகுதான் வெடிக்காரர் மனைவி என்று தெரிந்தது. எழுந்து நின்றேன். என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“சர்வேயரு தான? நல்லாருக்கீகளா? பையன் வேலைக்குப் போயிட்டான். கோயில்ல சொன்னாக, இப்பிடி ஆயிப்போச்சுன்னு.” கொஞ்சம் நிறுத்தினார். “அன்னைக்கி நீங்களும் கூட இருந்தீகளாமே?”

“எங்கீங்க?”

“மறைப்புக்குள்ள. அவுக சொன்னாக. அன்னைக்கிச் சாயங்காலம் வந்து, புதுவேட்டி கட்டிக்கிட்டே சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னாக. மேனேஜரு காலுக்கு எட்டுத்தான் வந்துச்சுன்னு நின்னுக்கிட்டாரு, நாந்தான் உக்குன பாறைன்னு எடுத்துச் சொல்லிப்புட்டு வந்தேன்னாக.”

இத்தனை வருடமும் இந்தப் பெண் தன்னைப் பிள்ளையின் அப்பனைக் கொன்றவனாக நினைத்துக்கொண்டிருப்பார் என்றுதான் மேனேஜர் நினைத்திருந்தார். அந்த ஊர் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறக்கூடமாட்டார்.

“அவுக புளுகல சர்வேயரு” என்றார் அவர். “நெசமா நம்பித்தான் சொல்லியிருக்காக. புளுகியிருந்தா, மறுநாளு அந்த எடத்துலயே போயி கம்பிய வைப்பாகளா? அத சார்கிட்ட ஒரு தடவ சொல்லணும்னுதான் இருந்தேன். சொல்லாம இருக்கோமேன்னு மனசு அடிச்சுக்கிட்டே இருக்கும். ஆனா நான் வாயத் தொறந்தா, விசாரணையில அவரு சொன்னது பொய்யின்னு ஆயிரும்ல. எம்பிள்ளைக்காகச் சொன்ன பொய்யி. அத நானே போயி ஒடைக்கிறதான்னு இருந்துட்டேன்.” மாலையைக் கை மாற்றினார். “உள்ள போகட்டா? அந்தம்மா என்னையப் பாத்தா எதுவும் சொல்லுவாகளா?”

“தெரியலீங்க” என்றேன். “அவங்களுக்கு இதொண்ணும் தெரியாதுங்க. சார் தப்பா எண்ணிட்டாருன்னுதான் அவங்களும் நெனச்சிட்டிருக்காங்க.”

அவர் என்னையே பார்த்தார். “பொண்டாட்டிக்குமா?” என்றார். மாலையோடு உள்ளே போனார்.

வாசற்படியில் நின்று பார்த்தேன். மாலையைப் போட்டுவிட்டு, தலைமாட்டில் இருந்த அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, காதோரம் குனிந்து பேசினார். அதிக நேரம் பேசவில்லை. மேனேஜர் மனைவி நிமிர்ந்து கூட்டத்தில் என்னைத் தேடினார். கையைக் காட்டிக் கூப்பிட்டார். போய் அருகில் நின்றேன்.

“நெசமா? எட்டுன்னு அன்னைக்கே சொன்னாரா?”

“ஆமாங்க. அப்பவே சொன்னாருங்க.”

“சரியாத்தான் எண்ணுனாரா?”

“சரியாத்தானுங்க எண்ணுனாரு.”

கணவரின் முகத்துக்கு நேரே குனிந்தார். “அம்புட்டு இட்லிக்கும் சிரிச்சுக்கிட்டே இருந்தீகளேய்யா” என்று ஒருமுறை சொன்னார். பிறகுதான் அழுகை வந்தது. வெடிக்காரர் மனைவி அவரை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.